பேரப்பிள்ளைக்கு ஒரு காற்றாடிப் போர்வை: தைப்பவர் நலமும் போர்ப்பவர் நலமும்

குளிர்காலம் வந்ததும் மருத்துவ நிலையங்களுக்கு வரும் எமது மூத்த தாய்மாரின் தொகை கூடிவிடும். "உடம்பெல்லாம் நோகுது டொக்டர்", "இரவிலை நித்திரை வருகுதில்லை", "ஒண்டிலும் மனம் போகுதில்லை" என்பவைதான் பெரும்பாலான முறைப்பாடுகள். இரத்தப் பரிசோதனை செய்தால் சிலருக்கு விற்றமின் டி குறைவாக இருக்கும். சிலருக்குத் தைரொயிட் குறைபாடு, சிலருக்கு நீரிழிவு இருக்கும். அவற்றுக்கு மருந்து உண்டு. ஆனால் எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கும் பலரிடம் "பகலில் என்ன செய்வீர்கள் அம்மா?" என்று கேட்டால் ஒரே மாதிரியான பதில்தான் வருகிறது. "மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவினம். பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடம். நான் ரீவியோடை இருக்கிறன்."

ஊரில் இந்தக் கைகள் சும்மா இருந்ததில்லை. சட்டை தைத்தன, பாய் இழைத்தன, பெட்டி பின்னின, தோட்டம் கொத்தின. இங்கு வந்தபின் அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமற் போய்விட்டது. ஆகவே இம்முறை மருத்துவப் பக்கத்தில் மருந்தைப் பற்றி அல்லாமல் கைவேலை ஒன்றைப் பற்றிப் பார்ப்போம். பழைய துணிகளை வெட்டி, காற்றாடி வடிவில் பொருத்தி, குடும்பத்தில் ஒருவருக்காக ஒரு போர்வை தைப்பது எப்படி? தைக்கும்போது உடம்பைப் பாதுகாப்பது எப்படி? அதைப் போர்த்திக் கொள்பவருக்கு ஆபத்து வராமல் இருக்க என்ன செய்யவேண்டும்? இந்த மூன்றையும் ஒன்றாகவே படிக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

குவில்ட் என்றால் என்ன?

மேலே வண்ணத் துண்டுகள் பொருத்திய ஒரு துணி, நடுவே மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே ஒரு சாதாரண துணி. இந்த மூன்று அடுக்கையும் ஊடுருவித் தையல் போட்டால் அதுவே ஆங்கிலேயர் குவில்ட் என்று சொல்லும் போர்வை. அதில் பல வடிவங்கள் உண்டு. காற்றாடி வடிவம் ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது. நாம் சிறு வயதில் பனையோலையைக் கிழித்து ஈர்க்கில் குத்திக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடினோமே, அதே காற்றாடிதான் துணியில் வருகிறது.

இக்கலைக்கும் துன்பப்பட்ட மக்களுக்கும் பழைய உறவு உண்டு. 1942 இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் துணித் துண்டுகளில் தம் பெயர்களையும் சிறு படங்களையும் தைத்தார்கள். அத்துண்டுகளை இணைத்துச் செய்த போர்வைகள் கைதிகளின் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டன. வேறு முகாமில் இருந்த கணவன்மாருக்குத் தம் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி அந்தத் துணியின் மூலம் போய்ச் சேர்ந்தது. அவற்றில் இரண்டு இன்று கன்பராவில் உள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிக்கப்பட்ட குடும்பம் என்றால் என்ன என்று அறிந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கைவேலை மனதுக்கும் உடம்புக்கும் என்ன செய்கிறது?

அளந்து, கோடு கீறி, தைத்து, திருப்பிப் பார்க்கும் வேலையில் கண், கை, மூளை மூன்றும் சேர்ந்து இயங்குகின்றன. கவனம் ஒரு சிறு சதுரத்தில் நிற்கும்போது சுற்றிச் சுற்றி வரும் கவலைகளுக்கு இடம் குறைகிறது. இன்று இத்தனை துண்டு முடிந்தது என்று கண்ணால் காணக் கூடியதாக இருப்பது மனச்சோர்வு உள்ளவர்களுக்கு முக்கியம். மனச்சோர்வில் முதலில் போவது "என்னால் ஏதும் செய்ய முடியும்" என்ற நம்பிக்கைதான்.

மறதிநோய் தொடங்கியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நேற்று நடந்தது மறந்தாலும், பல வருடம் பழகிய வேலையைக் கைகள் நீண்டகாலம் மறப்பதில்லை. தைக்க முடியாவிட்டாலும் கடும் நிறம் ஒரு பக்கம், இளநிறம் ஒரு பக்கம் என்று துண்டுகளைப் பிரித்துக் கொடுக்கலாம். கத்தரிக்கோல், ஊசி, மினுக்கும் பெட்டி ஆகியவற்றை மட்டும் மற்றவர் பொறுப்பில் வைத்திருங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. இது சிகிச்சைக்குத் துணை, சிகிச்சைக்கு மாற்று அல்ல. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பமின்மை, அழுகை, பசியின்மை, நித்திரையின்மை இருந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். போர்க்காலக் காட்சிகள் கனவில் திரும்பத் திரும்ப வருபவர்களும் சொல்ல வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் அன்றே, அப்பொழுதே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2019 இன் பின் பல குடும்ப வைத்திய நிலையங்களில், மக்களை உள்ளூர்க் குழுக்களுடனும் வகுப்புகளுடனும் இணைத்துவிடும் பணியாளர்கள் இருக்கிறார்கள். தையல் வகுப்பு பக்கத்தில் உண்டா என்று அவர்களிடம் கேட்கலாம்.

தைக்கத் தொடங்குமுன்: யாருக்காக?

போர்ப்பவரின் வயதும் உடல்நிலையும் தெரிந்தபின்தான் துணியும் அளவும் தீர்மானிக்க வேண்டும்.

1. பிறந்த குழந்தைக்கு: இதைத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது என்றதும் அம்மம்மாவும் அப்பம்மாவும் முதலில் நினைப்பது ஒரு போர்வை. ஆனால் 12 மாதம் நிறையாத குழந்தை நித்திரை கொள்ளும் தொட்டிலில் குவில்ட், தலையணை, டுவே எதுவும் இருக்கக்கூடாது. குழந்தையால் முகத்தை மூடிய துணியை விலக்க முடியாது. உடம்பு அளவுக்கு மேல் சூடாவதும் ஆபத்து. முன்பு காரணம் தெரியாமல் நிகழ்ந்த தொட்டில் மரணங்கள், 1991 இல் பிரித்தானியாவில் "குழந்தையை மல்லாக்காகப் படுக்க வையுங்கள்" என்ற பிரசாரம் தொடங்கியபின் வெகுவாகக் குறைந்தன. ஆகவே குழந்தையை மல்லாக்காக, வெறும் தொட்டிலில், உறுதியான தட்டையான மெத்தையில் படுக்க வையுங்கள். அறை வெப்பம் 16 முதல் 20 பாகை செல்சியஸ் போதும். "பிள்ளைக்குக் குளிரும்" என்று மருமகளுடன் வாதாட வேண்டாம். மருமகள் சொல்வது சரி.

அப்படியானால் குழந்தைக்குத் தைக்கவே கூடாதா? தாராளமாகத் தையுங்கள். விழித்திருக்கும் குழந்தையைக் குப்புற விட்டு விளையாட்டுக் காட்டும்போது நிலத்தில் விரிக்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சுவரில் தொங்கவிடலாம், ஆனால் தொட்டிலுக்கு மேலே வேண்டாம். தள்ளுவண்டியை மூடப் பயன்படுத்தாதீர்கள், உள்ளே வெப்பம் ஏறிவிடும். முதலாம் பிறந்தநாள் கழிந்தபின் கட்டிலில் போர்த்தலாம். சிறு பிள்ளைகளின் போர்வையில் பொத்தான், மணி, ரிபன் வைக்காதீர்கள். கழன்றால் வாய்க்குள் போய்விடும்.

2. இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவருக்கு: நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகம் பழுதடைந்து கிழமைக்கு மூன்று முறை டயலிசிஸ் போகும் உறவினர் எம்மில் பல வீடுகளில் உண்டு. அந்த நான்கு மணி நேரமும் அவர்களுக்குக் குளிரும். மடியிலும் காலிலும் போடும் அளவில் ஒரு போர்வை அருமையான பரிசு. ஆனால் ஊசி ஏற்றிய கையை ஒருபோதும் மூடக்கூடாது. ஊசி விலகி இரத்தம் கசிந்தால் தாதியின் கண்ணுக்கு உடனே தெரிய வேண்டும்.

3. முதியவருக்கும் பாரிசவாதம் வந்தவருக்கும்: பாரம் குறைந்த மெல்லிய பஞ்சு விரிப்பு போடுங்கள். நிலத்தில் இழுபடும் நீளம் வேண்டாம். கால் தடக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் சில்லில் சிக்காத அகலம் வேண்டும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் போர்வைக்குள் சுடுநீர்ப் போத்தல் வைக்கக்கூடாது. சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும்.

துணி: அம்மாவின் சேலையை வெட்டலாமா?

பருத்திதான் சிறந்தது. நைலோன், பொலியெஸ்ரர் சேலைகள் வழுக்கும், வியர்வையை உறிஞ்சா, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சரிகை வைத்த பட்டு முதியவரின் மெல்லிய தோலை உராயும், தோய்க்கவும் முடியாது.

இறந்துபோன தாயின் சேலையை வெட்டுவதா என்று தயங்குபவர்கள் பலர். கணக்கைப் பாருங்கள். கீழே சொல்லும் போர்வைக்கு ஒரு நிறத்தில் 60 சதுரங்கள் வேண்டும். ஐந்தரை மீற்றர்ச் சேலையில் ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமாக எடுத்தால் போதும். இடுப்பில் செருகும் உள்முனையிலிருந்து வெட்டுங்கள். தலைப்பும் கரையும் சேர்ந்து நான்கு மீற்றருக்கு மேல் அப்படியே இருக்கும். பெட்டியைத் திறந்து மணம் பிடித்ததும் அழுகை வந்தால் அது நோய் அல்ல, துக்கம். மூடி வைத்துவிட்டு வேறு துணியில் தொடங்குங்கள். சேலைக்கு அவசரமில்லை. ஊரிலிருந்து வரும்போது ஒன்றையும் கொண்டுவர முடியாமற் போனவர்கள், இங்கே பிள்ளைகள் அணிந்து சிறுத்துப்போன பள்ளிச் சட்டைகளில் தைக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பரம்பரைச் சொத்துத்தான்.

முதலில் எல்லாத் துணியையும் தோய்த்துக் காயவையுங்கள், சாயம் போவது அப்போதே தெரிந்துவிடும். பின் மெல்லிய சோற்றுக் கஞ்சி போட்டு மினுக்குங்கள். மூலைவாட்டில் வெட்டிய துணி இழுபடும், கஞ்சி போட்டால் நிற்கும்.

செய்முறை

இது சுமார் 40 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் வரும் ஒரு மடிப் போர்வை.

1. கடும் நிறத்தில் 60, இளநிறத்தில் 60 என 5 அங்குலச் சதுரங்கள் வெட்டுங்கள்.

2. ஒரு கடும் சதுரத்தையும் ஒரு இளநிறச் சதுரத்தையும் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மேல் துணியில் மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு கீறுங்கள்.

3. அந்தக் கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். பின் கோட்டிலேயே வெட்டுங்கள். விரித்தால் பாதி கடும் நிறம், பாதி இளநிறமாக இரண்டு சதுரங்கள் கிடைக்கும். மினுக்கி, நான்கரை அங்குலச் சதுரமாகச் சுற்றிவரச் சீர்செய்யுங்கள். அப்போது மூலைக்கு மூலை போகும் தையல் இரண்டு மூலைகளிலும் சரியாக முடிய வேண்டும்.

4. அப்படியான நான்கு சதுரங்கள் ஒரு காற்றாடி. மேசையில் வைத்து ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பிக்கொண்டு போனால் நான்கு கடும் இறக்கைகளும் ஒரே திசையில் சுழலும். ஒன்று மாறினாலும் காற்றாடி நின்றுவிடும். தைக்குமுன் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், பிள்ளைகளின் கண் உடனே பிடிக்கும்.

5. இரண்டிரண்டாக இணைத்து, பின் இரு வரிசையையும் இணையுங்கள். எல்லா இடத்திலும் தையல் ஓரம் கால் அங்குலமே. இது பிசகினால் நடுவில் நான்கு முனைகளும் சந்திக்கா. ஒரு காற்றாடி எட்டரை அங்குலம் வரும்.

6. மொத்தம் 30 காற்றாடிகள். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறாக இணைத்தால் மேல் துணி முடிந்தது.

7. பஞ்சு விரிப்பையும் கீழ்த் துணியையும் நான்கு பக்கமும் சில அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். பழைய பருத்திக் கட்டில் விரிப்பு கீழ்த் துணிக்குப் போதும். மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்துக் குண்டூசி குத்தி, நடுவிலிருந்து வெளியே நோக்கித் தையல் போடுங்கள்.

8. ஓரங்களை நேராக வெட்டி, இரண்டரை அங்குல அகல நாடாவை இரண்டாக மடித்துச் சுற்றிவரத் தையுங்கள். மூலைகளையும் சேர்த்து ஏறக்குறைய 190 அங்குல நாடா வேண்டும்.

நாளொன்றுக்கு எவ்வளவு?

மருந்துச் சீட்டு எழுதுவது போலவே சொல்கிறோம். ஒரு நாளைக்கு நான்கு சோடிச் சதுரங்கள் வீதம் 15 நாள். அதன்பின் ஒரு நாளைக்கு இரண்டு காற்றாடிகள் வீதம் 15 நாள். கை வேலையே தொழிலாக இருந்தவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரே நாளில் முடிக்க முயன்று மறுநாள் கழுத்து நோவோடு வருபவர்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

உடம்பைக் கவனித்தல்

கழுத்தும் முதுகும்: தரையில் இருந்து குனிந்து வெட்டுவது எமது பழக்கம். ஐம்பது வயதுக்கு மேல் முழங்காலும் முதுகும் இதைத் தாங்கா. குசினி மேடை போன்ற இடுப்பளவு உயரத்தில் நின்று வெட்டுங்கள். தையல் மெசினில் இருக்கும்போது பாதம் தரையில் பதிய வேண்டும், தோள் உயராமல் முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மணிக்கொரு முறை எழுந்து நடவுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு நன்மை. இன்சுலின் போடுபவர்கள் தையல் ருசியில் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடக்கூடாது.

கண்கள்: வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும். ஊசியில் நூல் கோர்க்கச் சிரமமாக இருந்தால் "வயசு போட்டுது" என்று விட்டுவிடாமல் கண்ணைக் காட்டுங்கள். இங்கிலாந்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கண் பரிசோதனை இலவசம். நீரிழிவுக் கண் படமெடுப்புக்கு வரும் அழைப்பு இதிலிருந்து வேறானது, அதையும் தவறவிட வேண்டாம்.

கைகள்: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்து எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள். விரல் மடங்கி "டிக்" என்று நிமிர்வது இன்னொரு பிரச்சினை. இரண்டும் நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம். முற்றவிடாமல் காட்டினால் எளிதாக மாற்றலாம்.

வெட்டும் கருவிகள்: பீட்சா வெட்டும் சில்லுப் போன்ற வட்டக் கத்தி வேலையைச் சுலபமாக்கும், ஆனால் சவர அலகின் கூர்மை உடையது. எப்போதும் உடம்பை விட்டு வெளியே தள்ளி வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வைத்தவுடன் மூடுங்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாது அழுத்திப் பிடியுங்கள். இடையில் திறந்து பார்க்கக் கூடாது. வோபரின், அபிக்சபான் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களுக்கு நிற்கக் கூடுதல் நேரம் எடுக்கும். நிற்காவிட்டால் வைத்தியசாலை போங்கள். மெசின் ஊசி விரலில் ஏறி முறிந்தால் தோண்டி எடுக்க முயலாதீர்கள்.

ஏற்புவலித் தடுப்பூசி: இது எமது தலைமுறைக்கே உரிய விடயம். போரிலும் இடப்பெயர்விலும் வளர்ந்த பலருக்குச் சிறுவயதுத் தடுப்பூசிகள் முழுமையாகக் கிடைக்கவில்லை, கிடைத்தவர்களின் அட்டைகளும் தொலைந்துவிட்டன. எத்தனை ஊசி போட்டோம் என்று தெரியாவிட்டால் காயம் வரும்வரை காத்திராமல் குடும்ப வைத்திய நிலையத்தில் சொல்லுங்கள். விடுபட்டதை இப்போதும் போடலாம்.

குண்டூசிக் கணக்கு: தொடங்கும்போது எண்ணி எடுங்கள், முடிக்கும்போது எண்ணி வையுங்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதிமார் செய்வதும் இதுதான். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை போர்வை பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது.

சேர்ந்து செய்வோம்

தனியே இருந்து தைப்பதிலும் பார்க்கச் சேர்ந்து தைப்பது நல்லது. தாத்தா மினுக்கலாம், பேத்தி கோடு கீறலாம், அம்மம்மா மெசினில் இருக்கலாம். தமிழ் சரளமாக வராத பேரப்பிள்ளையும் ஆங்கிலம் சரளமாக வராத அம்மம்மாவும் ஒரு மணி நேரம் ஒன்றாக இருக்க மேசையில் ஒரு காற்றாடி போதும். "இந்தத் துணி யாருடையது?" என்று பிள்ளை கேட்கும். பதில் சொல்லுங்கள். நிபுணரிடம் சொல்ல வராத சில கதைகள் இப்படி வெளியே வருவதை நாம் கண்டிருக்கிறோம்.

முடிந்ததும் பின்புற மூலையில் உங்கள் பெயரையும், யாருக்காகத் தைத்தது என்பதையும், ஆண்டையும் தமிழில் தைத்துவிடுங்கள். பிள்ளைக்கு ஒரு வயது நிறையும்வரை பத்திரமாக மடித்து வையுங்கள். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் நோவு வந்தால் எம்மிடம் வாருங்கள். அனைவரும் நலமாக இருக்க எமது வாழ்த்துகள்.